சட்டம் கேளுங்கள்: ‘மூணு தரம்’ சொல்வதற்குள் விலகலாமா?

ராமேஸ்வரத்திலிருந்து வாலிநோக்கம் வரை, இந்தப் பக்கம் தொண்டி வரை, கடற்கரை ஊர்களிலிருந்து சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒப்பந்தச் சட்டம் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரே பாடம்தான்.

உடன்பாடு வேறு, ஒப்பந்தம் வேறு என்கிறார்கள். பிரிவு எண்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் ஒரு சம்பவத்தைச் சொல்லித் தீர்வு கேட்கும் ப்ராப்ளம் கேள்வி வந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.
— மாணவி, மண்டபம்

மனப்பாடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 2-ஆம் பிரிவு ஒரு சங்கிலி. ‘இதைச் செய்யத் தயார்’ என்று ஒருவர் மற்றவரின் சம்மதத்தை எதிர்பார்த்துச் சொல்வது முன்மொழிவு. மற்றவர் சம்மதித்தால் அது வாக்குறுதி ஆகிறது. வாக்குறுதியோடு மறுபயனும், அதாவது பதிலுக்குத் தருவதோ செய்வதோ, சேர்ந்தால் உடன்பாடு. அந்த உடன்பாட்டை நீதிமன்றம் நிறைவேற்றித் தரும் என்றால்தான் ஒப்பந்தம். எந்த உடன்பாடு அந்தக் கடைசிப் படியை எட்டும் என்பதை 10-ஆம் பிரிவு சொல்கிறது: இருதரப்புக்கும் தகுதி இருக்க வேண்டும், சம்மதம் சுதந்திரமானதாக இருக்க வேண்டும், மறுபயனும் நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும், செல்லாது என்று சட்டம் வெளிப்படையாக அறிவித்ததாக இருக்கக் கூடாது.

ப்ராப்ளம் கேள்வி வந்ததும் பிரிவைத் தேடாதீர்கள். யார், எப்போது, யாரிடம், என்ன சொன்னார் என்பதை நேர வரிசைப்படி விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஒப்பந்தம் எந்த நொடியில் பிறந்தது, அல்லது எந்த இடத்தில் பிறக்காமல் போனது என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். பிரிவு எண்ணை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

மாணவர்கள் அடிக்கடி மதிப்பெண் இழக்கும் இடம் ஒன்று உண்டு. ‘செல்லாதது’ வேறு, ‘செல்லாததாக்கத் தக்கது’ வேறு. ஒருவர் ஏமாற்றி, படகில் பொருத்தும் ஓர் அவுட்போர்டு இன்ஜினை விலைக்கு வாங்குகிறார். ஏமாந்தவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் முன்பே, விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கும் மூன்றாம் ஆளுக்கு ஏமாற்றியவர் இன்ஜினை விற்றுவிடுகிறார். மோசடியால் நடந்த ஒப்பந்தம் ரத்து செய்யப்படும்வரை உயிரோடு இருப்பதால், மூன்றாம் ஆளுக்கு நல்ல உரிமை கிடைக்கும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 29-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதல் ஒப்பந்தம் அடியோடு செல்லாததாக இருந்திருந்தால் அந்த உரிமை வராது. இரண்டு சொற்களுக்கும் நடுவே ஓர் இன்ஜினே கைமாறுகிறது, பாருங்கள்.

இன்னொன்று. பிரிவு 75-க்கு அடுத்து 124 வருகிறதே என்று பலர் குழம்புகிறார்கள். அது அச்சுப் பிழை இல்லை. 76 முதல் 123 வரை இருந்தவை 1930-இல் சரக்கு விற்பனைச் சட்டமாகத் தனியே போய்விட்டன. 239 முதல் 266 வரை இருந்தவை 1932-இல் கூட்டாண்மைச் சட்டம் ஆயின.

கரையில் மீன் ஏலம் நடக்கும்போது ஏலம் போடுபவர் முன்மொழிகிறாரா, கேட்பவர் முன்மொழிகிறாரா? விலை கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் வழக்குப் போட முடியுமா?
— மாணவர், ராமேஸ்வரம்

கேட்பவர்தான் முன்மொழிகிறார். கூடையைக் கீழே வைத்து ‘யார் என்ன விலைக்கு?’ என்று கூவுவது, விலை சொல்லும்படி விடுக்கும் அழைப்பு மட்டுமே. ‘ஆயிரத்து இருநூறு’ என்று ஒருவர் குரல் கொடுத்தால் அது முன்மொழிவு. இன்னொருவர் ‘ஆயிரத்து முந்நூறு’ என்றதும் புது முன்மொழிவு மேடைக்கு வருகிறது. ஏற்பு எப்போது? சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சுத்தியல் விழும்போதோ, வழக்கத்தில் உள்ள வேறு முறையிலோ, ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்போது விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் தன் கேட்பைத் திரும்பப் பெறலாம்.

நம் கரையில் சுத்தியல் ஏது? ‘வழக்கத்தில் உள்ள வேறு முறை’ என்ற சொற்கள்தான் இங்கே வேலை செய்கின்றன. ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்பது உங்கள் கரையின் வழக்கமானால், மூன்றாம் தரம் வாயிலிருந்து விழுவதே சுத்தியல் விழுவது. கூடையை வாங்கியவர் பக்கம் தள்ளுவது வழக்கமானால் அதுதான் ஏற்பு. ‘ரெண்டு தரம்’ சொன்ன பிறகு ஒருவர் ‘எனக்கு வேணாம்’ என்றால் அவர்மேல் வழக்கு நிற்காது. மூன்றாம் தரத்துக்குப் பிறகு சொன்னால் அது ஒப்பந்த மீறல். தேர்வில் இதை எழுதும்போது எந்த வழக்கத்தை அடிப்படையாக எடுக்கிறீர்கள் என்று ஒரு வரி குறிப்பிடுங்கள். வழக்கம் என்பது சாட்சியால் நிரூபிக்க வேண்டிய விஷயம்.

அதே பிரிவில் எங்கள் மனதுக்கு மிகவும் பிடித்த உட்பிரிவு ஒன்று இருக்கிறது. விலையை ஏற்றிவிட விற்பவரே பொய்யாகக் கேட்க ஆள் வைத்தால், வாங்கியவர் விருப்பப்பட்டால் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். பணம் போட்டு மீன் எடுக்கும் சிறு வியாபாரியைக் காப்பது அது.

வாட்ஸ்அப்பில் ‘கணவாய் கிலோ என்ன?’ என்று கேட்டார்கள். ‘420’ என்று பதில் போட்டேன். ‘அப்ப 100 கிலோ எடுத்துக்கிறோம்’ என்றார்கள். நான் கொடுத்தே தீரவேண்டுமா?
— மாணவர், பாம்பன்

அந்த மூன்று செய்திகள் மட்டுமே என்றால், வேண்டியதில்லை. விலை சொல்வது விற்கிறேன் என்று சொல்வதாகாது. 1893-இல் ஹார்வி எதிர் ஃபேசி வழக்கில், ஜமைக்கா நிலம் ஒன்றுக்குக் குறைந்தபட்ச விலையைத் தந்தியில் கேட்டார்கள். ‘900 பவுண்டு’ என்று பதில் தந்தி வந்தது. வாங்க நினைத்தவர் உடனே ‘சம்மதம்’ என்று தந்தி அடித்தார். ஒப்பந்தம் பிறக்கவில்லை என்றது பிரிவி கவுன்சில், அன்று காலனிகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றம். உங்கள் கணக்கில், ‘100 கிலோ எடுத்துக்கிறோம்’ என்பதுதான் முதல் முன்மொழிவு. நீங்கள் ‘சரி’ என்று போட்டால்தான் கட்டுப்படுவீர்கள். அந்த ‘சரி’ ஒரு கட்டைவிரல் படமாகவும் இருக்கலாம் என்பதால் யோசித்து அனுப்புங்கள்.

செய்தி வழியே நடந்தது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு அதைத் தெளிவாக்கியிருக்கிறது.

பேரம் பேசும்போது இன்னொரு குழி உண்டு. நாட்டுப்படகை 8 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். நீங்கள் ‘ஏழரை’ என்கிறீர்கள். அவர் ‘முடியாது’ என்கிறார். மறுநாள் ‘சரி, எட்டே தருகிறேன்’ என்று போனால், படகை வேறொருவருக்கு விற்றிருக்கிறார். அவர்மேல் வழக்குப் போட முடியாது. நீங்கள் ஏழரை என்ற நொடியிலேயே எட்டு லட்ச முன்மொழிவு செத்துவிட்டது. 1840-இன் ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கு இதே கதைதான், அங்கே 1,000 பவுண்டும் 950 பவுண்டும். நம் சட்டத்தில் ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்று 7-ஆம் பிரிவு சொல்வதன் பலன் இது.

போனில் பேசி முடித்தால் ஒப்பந்தம் எந்த ஊரில் பிறக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வாங்கியது பற்றிய பகவான்தாஸ் கேடியா வழக்கில் (1966) உச்ச நீதிமன்றம், ஏற்பு காதில் விழுந்த ஊரில் என்றது. அகமதாபாத்திலிருந்து முன்மொழிந்தவர் ஏற்பைக் கேட்டது அங்கே என்பதால் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தபாலுக்கு இந்த விதி கிடையாது. அங்கே 4-ஆம் பிரிவின்படி, ஏற்புக் கடிதத்தைத் தபாலில் போட்டதுமே முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிடுவார். ஏற்றவர் கட்டுப்படுவது கடிதம் போய்ச் சேர்ந்து முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போது. நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் தேர்வுக் கேள்விகள் பிறக்கின்றன.

‘சட்டப் படிப்பை முடி, ஒரு லட்சம் தர்றேன்’ என்றார் மாமா. கோயில் திருப்பணிக்கு 10,000 எழுதியவர் தரவில்லை. இரண்டுக்கும் வழக்குப் போடலாமா? மறுபயன் என்றால் என்னவென்றே பிடிபடவில்லை.
— மாணவி, தொண்டி

மறுபயன் என்பது, வாக்குறுதி கொடுத்தவர் கேட்டுக்கொண்டதால் மற்றவர் செய்தது, செய்வது, அல்லது செய்யாமலிருப்பது. ‘அவர் கேட்டுக்கொண்டதால்’ என்பதில்தான் உயிர் இருக்கிறது. 1880-இல் அலகாபாத்தில் துர்கா பிரசாத் வழக்கில், கலெக்டர் சொன்னதன் பேரில் ஒருவர் கடைகள் கட்டினார். கடைக்காரர்கள் பிற்பாடு கமிஷன் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை. அவர் கட்டியது கலெக்டர் கேட்டதற்காக, கடைக்காரர்கள் கேட்டதற்காக இல்லை என்று வழக்குத் தோற்றது.

திருப்பணி விஷயத்துக்கு 1886-இன் கேதார்நாத் வழக்கைப் பாருங்கள். ஹவுராவில் நகர மண்டபம் கட்ட ஒருவர் 100 ரூபாய் எழுதினார். எழுதியவர்களை நம்பிக் கான்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அதனால் அவர் தரத்தான் வேண்டும் என்று தீர்ப்பு. உங்கள் ஊரில் அந்த 10,000-ஐ நம்பிக் கமிட்டி ஸ்தபதிக்கு வேலை கொடுத்துவிட்டதா, அல்லது நோட்டில் பெயர் எழுதியதோடு நிற்கிறதா? அந்த ஒரு கேள்வியில் விடை முடிகிறது.

மாமாவின் ஒரு லட்சத்தில் மறுபயன் இருக்கிறது என்று வாதாடலாம். அவர் கேட்டதற்காகத்தானே படிக்கிறீர்கள். தடை வேறு இடத்தில்: சட்டப்படி கட்டுப்படும் எண்ணத்தோடு சொன்னாரா? 1919-இல் பால்ஃபர் வழக்கில், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் வேலை பார்த்த கணவர், உடல்நிலை காரணமாக இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னார். அது குடும்பத்துக்குள் பேசியது, ஒப்பந்தம் ஆகாது என்று தீர்ப்பு. மாமா சொன்னதும் பெரும்பாலும் அந்த வகைதான். நெருங்கிய உறவில் பாசத்தால் தருவதாக எழுதி, அதைப் பதிவும் செய்தால், மறுபயன் இல்லாவிட்டாலும் 25-ஆம் பிரிவின்படி செல்லும்.

சென்னையின் சின்னையா எதிர் ராமையா வழக்கையும் விடாதீர்கள், இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் (ஐ.எல்.ஆர்.) 4 மெட்ராஸ் 137. தாய் மகளுக்குச் சொத்தை எழுதிவைத்தார், தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்று சொல்லி. மகளும் அப்படியே தருவதாக எழுதிக்கொடுத்தாள். பிறகு அந்த உடன்பிறப்பிடம், ‘எனக்கு நீங்கள் எதுவும் தரவில்லையே’ என்றாள். தாய் தந்த சொத்தே மறுபயன் என்றது நீதிமன்றம். இந்தியாவில் மறுபயன் யாரிடமிருந்து வந்தாலும் சரி. இங்கிலாந்துப் புத்தகத்தைப் படித்துவிட்டு இதை மாற்றி எழுதுபவர்கள் நிறைய.

17 வயதுத் தம்பி பழைய பைக் வாங்க 5,000 அட்வான்ஸ் கொடுத்தான். மீதியைத் தரவில்லை என்று விற்றவர் மிரட்டுகிறார்.
— மாணவர், கீழக்கரை

18 வயது நிரம்பாதவர், அதாவது இளவர், செய்த உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1903-இன் மொஹோரி பீபீ எதிர் தர்மதாஸ் கோஷ் தீர்ப்பு இதற்கு ஆணிவேர். மீதியைக் கேட்டு வழக்குப் போட முடியாது. 18 ஆனபிறகு ‘அன்றைக்குச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்’ என்றாலும் பழையது உயிர் பெறாது. புது மறுபயனோடு புது ஒப்பந்தம்தான் வேண்டும். வயதைப் பொய்யாகச் சொல்லியிருந்தாலும் ஒப்பந்தம் செல்லுபடியாகாது; ஆனால் வாங்கிய பொருள் கையில் இருந்தால் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். சாப்பாடு, உடை, படிப்பு போன்ற தேவைகளுக்குத் தந்தவருக்கு மட்டும், இளவரின் சொத்திலிருந்து ஈடு கேட்க 68-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அப்போதும் இளவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார்.

வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிய படகுக்காரர், கடன் தீரும்வரை இறாலையும் நண்டையும் அவருக்கே, வெளி விலையைவிடக் குறைத்துப் போட வேண்டும் என்று எங்கள் பக்கம் வழக்கம். இது தொழில் தடை ஒப்பந்தமா? 27-ஆம் பிரிவில் செல்லாது என்று எழுதினேன், மதிப்பெண் தரவில்லை.
— மாணவர், வாலிநோக்கம்

கேள்வி நல்லது, பிரிவுதான் தவறு. 27-ஆம் பிரிவு முக்கியமாக ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரின் கையைக் கட்டிப்போடுவதைப் பிடிக்கிறது. ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் ‘எனக்கே கொடு’ என்பதைப் பொதுவாகத் தொழில் தடையாக எடுப்பதில்லை. 1995-இல் குஜராத் பாட்டிலிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பேசியது. கடன் தீர்ந்த பிறகும் ‘நீ வேறு ஆளுக்குப் போடக் கூடாது’ என்றால் 27 வேலை செய்யும்.

நீங்கள் போயிருக்க வேண்டிய இடம் 16-ஆம் பிரிவு, தகாத செல்வாக்கு. அதன் கீழே உள்ள உதாரணங்களில் மூன்றாவதையும் நான்காவதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மூன்றாவதில், ஊரிலுள்ள லேவாதேவிக்காரரிடம் ஏற்கெனவே கடன்பட்ட ஒருவர், மனசாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனைகளில் மறுபடி கடன் வாங்குகிறார். செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். நான்காவதில், பணத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வங்கியாளரிடம் போகிறார். வங்கியாளர் மிக அதிக வட்டி கேட்கிறார், இவர் சம்மதிக்கிறார். அது சாதாரண வியாபாரம், தகாத செல்வாக்கு இல்லை.

இரண்டிலும் பணம் தேவைப்பட்டது, நிபந்தனை கடுமை. வேறுபாடு எதில்? முதல் ஆள் ஏற்கெனவே பிடியில் இருக்கிறார். அவருடைய சம்மதத்தை ஆட்டிவைக்கும் நிலை மற்றவருக்கு உண்டு, பேரமும் அநியாயமாக இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நிரூபிக்கும் சுமை மாறும். விலை குறைவு என்பது மட்டும் போதாது. அவசரத் தேவை என்பது மட்டும் போதாது.

ஆகவே உங்கள் விடையில் இவற்றைக் கேட்டிருக்க வேண்டும்: அட்வான்ஸ் முதல் தடவையா, பழைய பாக்கியின் மேல் ஏறியதா? வெளி விலைக்கும் இவர் தரும் விலைக்கும் நிலையான வித்தியாசம் பேசப்பட்டதா, அன்றன்றைக்கு வியாபாரி சொன்னதுதான் விலையா? எடைச்சீட்டும் கணக்கும் படகுக்காரர் கையில் உண்டா? ஒரே தடவையில் கட்டித் தீர்த்து விலகிக்கொள்ள வழி இருக்கிறதா? கணக்கைக் கண்ணிலேயே காட்டாமல், மீன்பாடு குறைந்த மாதத்தில் பாக்கியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் அது மூன்றாவது உதாரணத்தின் பக்கம் சாய்கிறது.

நிரூபணமானாலும் வாங்கிய பணம் இனாமாகிவிடாது. 19-ஏ பிரிவின் உதாரணத்தில், 100 ரூபாய் கொடுத்துவிட்டு 200 ரூபாய்க்கு மாதம் 6 சதவீத வட்டியில் பத்திரம் எழுதி வாங்குகிறார் ஒரு லேவாதேவிக்காரர். நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால் அந்த 100-ஐ நியாயமான வட்டியோடு திருப்பித் தரச் சொல்லும்.

நண்டு வாங்க ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால் எவ்வளவு கேட்கலாம்? புயல், மீன்பிடித் தடைக்காலம் இவற்றைக் காரணமாகச் சொல்லி ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்கலாமா?
— மாணவி, தேவிபட்டினம்

கணக்காகப் பார்ப்போம். கிலோ 400 ரூபாய்க்கு 200 கிலோ நண்டு என்று பேச்சு. வாங்குபவர் மறுக்கிறார். அப்போது சந்தை விலை 340. இழப்பு கிலோவுக்கு 60, மொத்தம் 12,000 ரூபாய். இது 73-ஆம் பிரிவு. அவர் மறுத்த பிறகு இன்னொருவர் 370 கேட்டும் கோபத்தில் விற்காமல் வைத்திருந்தீர்கள் என்றால், கிலோவுக்கு 30, அதாவது 6,000-தான் கிடைக்கும். இழப்பைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அந்தப் பிரிவின் விளக்கம்.

‘இந்த நண்டை நம்பி வெளிநாட்டு ஆர்டர் பேசியிருந்தேன், அது போச்சு’ என்று, பேசியபடி சரக்கு வந்து சேராத வியாபாரி சொன்னால்? சரக்குத் தர வேண்டியவருக்கு ஒப்பந்தம் பேசும்போதே அது தெரிந்திருந்தால்தான் கேட்கலாம். 1854-இன் ஹாட்லி எதிர் பாக்ஸண்டேல் வழக்கில், உடைந்த மில் தண்டைக் கொண்டுபோன வண்டிக்காரர் தாமதித்தார். மில் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. லாப இழப்பு கிடைக்கவில்லை.

தடைக்காலத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது ஊரறிந்தது. மே மாதம் இழுவைப்படகு இறால் தருகிறேன் என்று, தடை பற்றித் தெரியாத வெளியூர்க்காரருக்கு ஜனவரியில் எழுதிக்கொடுத்தால், 56-ஆம் பிரிவின் கடைசிப் பத்தி உங்களைப் பிடிக்கும்: முடியாது என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ, அது தெரியாத மற்றவருக்கு வாக்குக் கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும்.

புயல் வேறு. யாரும் எதிர்பாராத நிகழ்வு ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே பெயர்த்தால் 56 வரும். சத்யபிரதா கோஷ் வழக்கில் (1954) உச்ச நீதிமன்றம், ‘முடியாதது’ என்றால் உடலால் முடியாதது என்று மட்டும் பொருளில்லை, நோக்கமே அழிந்தாலும் பொருந்தும் என்றது. விலை ஏறியது, செலவு கூடியது என்பதெல்லாம் போதாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 ஜனவரி முதல் அங்கே ஒரு கட்டிடத்தை வாடகைக்குத் தருவதாக முன்னமே பேசியிருந்தார் ஒருவர் என்று கற்பனை செய்தால், அது 56. ஏற்கெனவே குத்தகை நடந்து, குத்தகைதாரர் உள்ளே இருந்தார் என்றால் 56 வராது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். புயலில் அழிந்தால் குத்தகைதாரர் விருப்பப்படி குத்தகையை முடிக்கலாம் என்று அங்கே இருக்கிறது. இரண்டாவது விடையை எழுதுபவர் அபூர்வம்.

ஒப்பந்தம் இப்படிச் செத்தால், வாங்கிய முன்பணத்தை 65-ஆம் பிரிவின்படி திருப்பித் தர வேண்டும். ‘கடவுள் செயல், பணம் போனது போனதுதான்’ என்று சட்டம் சொல்லவில்லை.

பத்திரத்தில் எழுதாவிட்டால் செல்லாது என்கிறார்களே?
— மாணவர், ஏர்வாடி

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், எழுத்து வேண்டும் என்று தனிச் சட்டம் கேட்காதவரை. நிலம், வீடு விற்க எழுத்தும் பதிவும் கட்டாயம். படகு விற்கிறவர்கள் படகுப் பதிவுச் சான்றில் பெயர் மாற்றத் தேவையான காகிதங்களைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முத்திரைக் கட்டணம் குறைவாகக் கட்டிய ஆவணம் அதனாலேயே செல்லாததாகிவிடாது. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னதும் அதுவே: அது சாட்சியமாக ஏற்கப்படாது, குறைவையும் அபராதத்தையும் கட்டிச் சரிசெய்யலாம். பழைய அட்வான்ஸ் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும். அது தாண்டிய கடனைத் தருவதாக ஒருவர் மறுபடி ஒப்புக்கொண்டால், வாயால் சொன்னது பயன்படாது. 25-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது.